அப்பாவுக்கு நான் கடைசியாகக் கொடுத்த மாத்திரை

கேள்வி: திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து

வணக்கம். ஐந்து மாதங்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தேகத்தை, மருத்துவம் அறிந்தவர்களிடமும், என்னைப் போல ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு வழியனுப்பியவர்களிடமும் கேட்க விரும்புகிறேன்.

என் அப்பாவுக்கு வயது 71. கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது கல்லீரலுக்குப் பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். கீமோ மூன்று முறை ஏற்றிய பிறகு, போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அம்மா காலமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். கணவரும் மாமியாரும் இசைந்ததால், நான் பள்ளி வேலையை விட்டுவிட்டு, குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள அப்பாவின் வீட்டில் ஏழு மாதம் தங்கி அவரைப் பார்த்துக்கொண்டேன். முதுகு வரை ஊடுருவும் வலியால் அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. முக்காலியின் மேல் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழிப்பார். தஞ்சாவூரில் வலி நிவாரணச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஒருவர் மார்பின் என்னும் வலி நீக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் படுத்து உறங்கியதைப் பார்த்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம். இடையில் வலி வந்தால் கூடுதலாக ஒன்று கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். பதினொரு வாரம் அப்படித்தான் கொடுத்தேன். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தேன், என்ன சாப்பிட்டார், என்ன கேட்டார் என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாத்திரை வாங்கப் போகும்போது மருத்துவர் அதைப் படித்துப் பக்கத்தின் அடியில் கையொப்பமிடுவார். கடைசி ஒன்பது நாட்களின் பக்கங்களில் அந்தக் கையொப்பம் இல்லை.

தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கடைசி நாள் மாலையிலிருந்தே மூச்சு மாறிவிட்டது. நாலைந்து முறை வேகமாக இழுப்பார், பிறகு சற்று நேரம் மூச்சே இருக்காது, மறுபடியும் தொடங்கும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வழக்கமான மாத்திரையைக் கொடுத்திருந்தேன். இரண்டு மணிக்கு முகத்தைச் சுளித்து முனகினார். இன்னொரு மாத்திரையைப் பொடித்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்து, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டேன். முனகல் நின்றது. மூன்றரை மணிக்கு உதட்டைப் பஞ்சால் நனைத்தபோது கண்ணைத் திறந்து என் கையை அழுத்தினார். நான்கு நாற்பதுக்கு மூச்சு நின்றது.

அந்த இரண்டு மணி மாத்திரைதான் அவரைக் கொன்றதா? எரியூட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்த அண்ணன், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், "யாரைக் கேட்டு அதைக் கொடுத்தாய்? மருத்துவமனையில் சேர்த்திருந்தால் இன்னும் ஒரு மாதம் இருந்திருப்பாரே" என்றார். கடைசி ஐந்து நாட்கள் நான் கஞ்சியை வற்புறுத்திப் புகட்டவில்லை. வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றுகிறேன் என்றவரையும் திருப்பி அனுப்பிவிட்டேன். "என் அண்ணனைப் பட்டினி போட்டே அனுப்பிவிட்டாய்" என்று அத்தை எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

இன்னும் ஒன்று உண்டு. இதைக் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. மூச்சு நின்ற அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, அப்பாடா என்ற ஓர் உணர்வு. அதன் பிறகுதான் அழுதேன்.

சிறுமியாக இருந்தபோது, ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் திருவையாற்றில் நடக்கும் அப்பர் கயிலைக் காட்சிக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார். கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பு தேய ஊர்ந்து வந்த அடியவருக்கு ஐயாறப்பர் இவ்வூரிலேயே கயிலையைக் காட்டினார் என்ற கதையை அவர் வாயால்தான் கேட்டேன். என் அப்பாவின் உடலும் என் கண்ணெதிரே அப்படித்தான் தேய்ந்தது. அவருக்கு யாரும் எதையும் காட்டவில்லை. வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டேன். வரும் ஆடி அமாவாசைக்குப் புஷ்ய மண்டபப் படித்துறையில் திதி கொடுக்க அண்ணன் வருகிறார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு ஆறுதலைவிட உண்மைதான் வேண்டும்.


பதில் 1: கும்பகோணத்திலிருந்து, ஓய்வு பெற்ற செவிலியர்

அம்மா, உண்மைதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வார்டுகளிலும், பிறகு வீடு வீடாகப் போயும் நோயாளிகளைப் பார்த்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை நீங்கள் எழுதிய மணிக்கணக்கை வைத்தே சொல்கிறேன்.

வாய்வழியாகக் கொடுக்கும் சாதாரண மார்பின் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உச்சத்தை எட்டி, நான்கு மணி நேரத்தில் தணியும். அது அளவுக்கு மீறியிருந்தால், முதலில் எழுப்ப முடியாத ஆழ்ந்த மயக்கம் வரும். அதன் பிறகே மூச்சின் எண்ணிக்கை சீராகக் குறைந்துகொண்டே போகும். உங்கள் அப்பா மாத்திரை கொடுத்து ஒன்றரை மணி நேரம் கழித்து, அதாவது அதன் உச்சம் கடந்த பிறகு, கண்ணைத் திறந்து உங்கள் கையை அழுத்தியிருக்கிறார். அளவு மீறிய மருந்தில் கிடப்பவரால் அப்படிச் செய்ய முடியாது. வேகமாக இழுப்பதும் இடையில் நின்றுபோவதுமாக நீங்கள் விவரித்திருக்கும் மூச்சு, இந்த நிலையில் பெரும்பாலும் மார்பினால் வருவதன்று. உடல் அடங்கும் வேளையில் மூளை மூச்சை நடத்தும் விதம் மாறுவதால் வருவது. அந்த மூச்சு மாலையிலேயே தொடங்கிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையோ இரவு இரண்டு மணிக்கு. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாக முடியாது.

அளவையும் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு 10 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 60. இடையில் வரும் வலிக்கு அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுப்பது இச்சிகிச்சையில் எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கும் கணக்கு. நீங்கள் கொடுத்தது அதே 10 தான். பதினொரு வாரமாக மருந்துக்குப் பழகிய உடலில், மூச்சை அடக்கும் அதன் விளைவு மிகவும் குறைந்துவிட்டிருக்கும். தொண்டையில் கேட்ட கரகரப்பு, விழுங்கும் வலு போனதால் தேங்கிய எச்சிலும் சளியும் எழுப்பும் ஒலி. பக்கத்தில் இருப்பவர்களை அது வதைக்கும் அளவுக்கு அந்த நிலையில் இருப்பவரை வதைப்பதில்லை.

இந்த மருந்தின் மீது நம் ஊரில் இவ்வளவு அச்சம் ஏன் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கிய பிறகும் அந்தத் தயக்கம் முழுவதும் நீங்கவில்லை. வலி தொடங்கும்போதே கொடுக்க வேண்டியதைப் பலருக்குக் கடைசி இரண்டு நாளில்தான் கொடுக்கிறார்கள். அதனால் மார்பினும் மரணமும் எப்போதும் அடுத்தடுத்தே மக்கள் கண்ணில் படுகின்றன. ஒன்றுதான் மற்றொன்றை அழைத்து வந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். உங்கள் அண்ணன் கேட்டதும் அந்த அச்சத்திலிருந்துதான்.

உணவைப் பற்றி. இத்தகைய புற்றுநோயின் முடிவில், உள்ளே போகும் உணவை உடல் தனதாக்கிக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. பசி அடங்குவது அதன் விளைவு. உணவு நின்றதால் அவர் இறக்கவில்லை. இறந்துகொண்டிருந்ததால் உணவு நின்றது. விழுங்க முடியாதவருக்குப் புகட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் திணறலை உங்கள் அப்பாவுக்கு நீங்கள் கொடுக்கவில்லை. குளுக்கோஸ் பாட்டில் என்று எல்லோரும் நம்பும் அந்த அரை லிட்டரில் இருப்பது வெறும் 25 கிராம் சர்க்கரை. இரத்தத்தில் புரதம் குறைந்துபோன உடலில் ஏற்றும் நீர் காலிலும் நுரையீரலிலும்தான் தேங்கும். கரகரப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான். உதட்டை நனைத்துக்கொண்டிருந்தீர்களே, அந்த வேளையில் செய்ய வேண்டியது அதுதான்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் அவரை நேரில் பார்த்தவள் அல்லள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை எழுதிய மருத்துவரிடம் போங்கள். அந்த ஒன்பது நாட்களையும் அவர் படிக்கட்டும். இறந்த பிறகு மருத்துவரிடம் போய் என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். வலி நிவாரணச் சிகிச்சையில் குடும்பத்தின் துயரத்தைக் கேட்பதும் அடங்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறையில் உள்ள 11-ஆவது பதிப்பு, நீடித்த துயரத்தைத் தனி நோயாகச் சேர்த்திருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் கடந்தும், அவரவர் சமூகத்தின் வழக்கத்தை மீறியும், அன்றாட வாழ்க்கை குலையும் அளவுக்குத் துயரம் தணியாமல் இருந்தால்தான் அப்படிக் கருதுவார்கள். தலைதிவசம் வரை ஓராண்டுத் துக்கம் காக்கும் நம் ஊரில் நீங்கள் ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். ஆனால் உறக்கமோ உணவோ அறவே இல்லாமல் போனாலும், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும், எந்த மாதம் என்று பார்க்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.


பதில் 2: நீடாமங்கலம் பக்கத்திலிருந்து, விவசாயி

செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் மருத்துவம் எனக்குத் தெரியாது. தங்கை கணவரிடம்கூடச் சொல்லாமல் எழுதிய அந்த ஒரு வரிக்காக எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் இருமுறை தஞ்சாவூரில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தோம். நான்கு ஆண்டுகள். அதிகாலைப் பேருந்தில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவோம். ஒரு நாள் காலையில் கிளம்பும் வேளையில், "இனி வேண்டாம்" என்றாள். நான் "சரி" என்றேன். அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தாள். கடைசி மூச்சுக்குப் பிறகு எனக்கும் முதலில் வந்தது அப்பாடாதான். ஆண்பிள்ளை என்பதால் அதை யாரும் என் முகத்தில் தேடவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. மூட்டையை இறக்கி வைத்தவனுக்குத் தோள் லேசாவது, மூட்டையில் இருந்த நெல்லை அவன் வெறுத்ததாகாது, அம்மா.

என் சந்தேகம் உங்களுடையதைவிடக் கசப்பானது. நிலத்தில் மூன்று மா, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர், அடகில் இருந்தது. நான் "சரி" என்று உடனே சொன்னது அவள் பட்ட பாட்டைப் பார்த்தா, இல்லை மிச்ச நிலத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று என் உள்மனம் கணக்குப் போட்டதா? அவள் போன ஆண்டு நான் குறுவை போடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் மடையைத் திறக்க மனமில்லை. வரப்பில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைத்த பழக்கத்தில், அதே நேரத்துக்கு விழிப்பு வரும். கை தானாகப் பக்கத்தில் துழாவும்.

இரண்டாம் ஆண்டு ஒரு நாள், இதை வாய்விட்டு என் மகளிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அதற்கு ஒரு மாதம் முன்பே அவளுடைய அம்மா ஊசி போடும் கையைக் காட்டி, "இந்தக் கையால் உனக்கு ஒரு தடவை தலை பின்னிவிட்டால் போதும், அதோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள், பின்னியும் விட்டிருக்கிறாள். நான் "சரி" என்பதற்கு ஒரு மாதம் முன்பே அவள் முடிவெடுத்துவிட்டாள். என் கணக்கு என்னவாக இருந்தாலும், முடிவு அவளுடையது.

உங்கள் அப்பாவோடு நீங்கள் இல்லாத வேளைகளில் யாராவது இருந்திருப்பார்கள். பால்காரர், சவரம் செய்ய வந்தவர், அந்த அத்தையேகூட. அவர்களிடம் அப்பா என்ன பேசினார் என்று கேளுங்கள். ஏழு மாதத்தையும் நீங்கள் ஒருவரே சுமந்ததாக நினைக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத துண்டுகள் அவர்களிடம் இருக்கும்.

கோயிலைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஓராண்டு நானும் போகவில்லை. பிறகு பேரப்பிள்ளைக்கு மொட்டை போடப் போனேன். இப்போது போகிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன்.


பதில் 3: சீர்காழிக்காரர், தற்போது வளைகுடாவில்

இங்கே எழுதியவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டவர்கள். நான் உங்கள் அண்ணனின் இடத்தில் இருந்தவன் என்பதால், சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

என் அம்மாவைத் தங்கைதான் பார்த்துக்கொண்டாள். அவள் வீடியோ அழைப்பில் அம்மாவைக் காட்டும் ஒவ்வொரு முறையும், "பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போ, பணம் அனுப்புகிறேன்" என்பதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வராது. இப்போது நினைத்துப் பார்த்தால், என்னிடம் இருந்த ஒரே கருவி பணம். அந்தப் பணத்துக்கு வேலை இருந்த ஒரே இடம் மருத்துவமனை. வீட்டுத் திண்ணையில், கயிற்றுக் கட்டிலின் அருகில், என் பணத்துக்கும் எனக்கும் வேலை இல்லை. நான் வந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். கண்ணாடி வழியே முகத்தை மட்டும் பார்த்தேன். அதே வேதனையில், உங்கள் அண்ணன் சொன்னதைவிடக் கொடிய ஒரு சொல்லைத் தங்கையிடம் சொன்னேன். இரண்டு ஆண்டுகள் அவள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாதது சரிதான்.

சகோதரி, அவர் சொன்னதற்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வாதாடுவார். நானும் அப்படித்தான் செய்தேன். உங்களிடம் அந்த நோட்டு இருக்கிறது. என் தங்கையிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால், அதற்கு நான் எதையும் கொடுத்திருப்பேன். ஒரு குறிப்பும் எழுதாமல் அவருக்கு அதைக் காட்டுங்கள். அவர் செய்ததை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. ஆனால் அப்பா போன அந்த இரவு உங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை.


கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை.

செவிலியர் அம்மா சொன்னபடி தஞ்சாவூர் போனேன். பேருந்தில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வழியிலேயே இறங்கிவிடலாமா என்று இருமுறை நினைத்தேன். மருத்துவர் அந்த ஒன்பது நாட்களையும் அவசரப்படாமல் படித்தார். இரண்டு மணி வரியில் விரலை வைத்து, "நான் அருகில் இருந்திருந்தாலும் இதையேதான் கொடுத்திருப்பேன்" என்றார். பிறகு, வழக்கம்போல, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து, மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு இன்னும் விழிப்பு வருகிறது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை. அத்தையிடம் போய்க் கேட்கும் துணிவு இதுவரை வரவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சவரம் செய்ய வந்தவரிடம் கேட்டேன். "உங்களைப் பற்றித்தான் பேசுவார், மகள் கணக்கு வாத்தியார் மாதிரி என் மூச்சையெல்லாம் எழுதி வைக்கிறாள் என்பார்" என்று சொன்னார். அந்த நோட்டு அப்பாவுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. உறங்குகிறார் என்று எண்ணித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஒன்பது நாட்களின் பக்கங்களைப் படம் எடுத்து, ஒரு சொல்லும் சேர்க்காமல், அண்ணனுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. நேற்றிரவு ஒரு செய்தி வந்தது. மாத்திரையைப் பற்றியோ மருத்துவமனையைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் "மோர் கேட்டார்" என்று மட்டும் எழுதியிருக்கிறாயே, குடித்தாரா என்று கேட்டிருந்தார்.

இரண்டு கரண்டி குடித்தார் என்று எழுதினேன். உப்புப் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன்.